மாறி எங்கே குடியிருக்கிறது? டிபகர் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த மடல்கள் பெரும்பாலும் ஒரே முடிச்சைச் சுற்றியவை. டிபகரில் (ஓடும் செய்நிரலை நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி) மாறியின் பெயரைத் தட்டினால் பெறுமதி வர வேண்டும். வருவதில்லை, அல்லது பிழையாக வருகிறது. வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறோம். கீழே வரும் ரெஜிஸ்டர் (சிபியூவுக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) விபரங்கள், வேறாகச் சொல்லாத இடங்களில், 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஓடும் லினக்ஸுக்கு உரியவை. ஒப்கோட்களை (மாறியின் இருப்பிடத்தைச் சொல்லும் கட்டளை எண்கள்) தசம எண்ணாகவே தருகிறோம்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): கடைகளுக்கான பில்லிங் செய்நிரலைச் சி மொழியில் எழுதியிருக்கிறேன். ‘-ஓ0’ (கம்பைலரின் மேம்படுத்தலை நிறுத்தும் தெரிவு) கொடுத்தால் ஜிடிபி டிபகர் எல்லா மாறிகளையும் காட்டுகிறது. ‘-ஓ2’ (மேம்படுத்தும் தெரிவு) கொடுத்தால் பாதிக்கு ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்கிறது. மாறி உண்மையாகவே அழிந்துவிட்டதா? என் பிழை ‘-ஓ2’இல் மட்டும்தான் தலைகாட்டுகிறது.

பதில்: பெரும்பாலும் அழிவதில்லை, வீடு மாறுகிறது. ‘-ஓ0’இல் ஒவ்வொரு மாறிக்கும் ஸ்டேக்கில் சொந்த வீடு உண்டு, ஃபங்ஷன் முடியும் வரை அங்கேயேதான். ‘-ஓ2’இல் அது வாடகைக்கு இருப்பவரைப் போல: சித்திரையில் வெள்ளவத்தை, வைகாசியில் தெகிவளை, இடையில் பத்து நாள் ஊரில். அவருடைய முகவரி என்ன என்று கேட்டால், எந்தத் திகதிக்கு என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். இங்கே திகதி என்பது புரோகிராம் கவுண்டர், அதாவது செய்நிரல் நிற்கும் அறிவுறுத்தலின் முகவரி.

ஒரு சின்ன ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். பின்னால் வரும் பதில்களுக்கும் இதுதான் உதாரணம். ‘கணக்கு’ என்ற ஃபங்ஷன் ‘அளவு’, ‘விலை’ என்ற இரண்டு முழு எண்களை வாங்குகிறது. பெருக்கி ‘மொத்தம்’ என்று வைக்கிறது. அதைப் ‘பதிவு’ என்ற இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்புகிறது. திரும்பி வந்ததும் மொத்தத்தோடு 5 கூட்டித் தருகிறது. (பெயர்களைத் தமிழில் தந்தது விளக்கத்துக்காக, ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு முதல் சி நிரலில் இப்படியே எழுதவும் முடியும்.) ‘-ஓ2’இல் இது 18 பைட்டுக்குள் அடங்கிவிடும் (‘அளவு’ ஈடிஐயிலும் ‘விலை’ ஈஎஸ்ஐயிலும் வந்து சேரும்; ஈபிஎக்ஸ், ஈடிஐ போன்றவை ஆர்பிஎக்ஸ், ஆர்டிஐ போன்றவற்றின் கீழ் 32 பிட்):

0: ஆர்பிஎக்ஸைப் புஷ் செய்
1: ஈடிஐயை ஈபிஎக்ஸுக்கு நகர்த்து
3: ஈபிஎக்ஸை ஈஎஸ்ஐயால் பெருக்கு
6: ஈபிஎக்ஸை ஈடிஐக்கு நகர்த்து
8: ‘பதிவு’க்குக் கால் (5 பைட்)
13: ஈஏஎக்ஸில் ஆர்பிஎக்ஸ் + 5
16: ஆர்பிஎக்ஸைப் பாப் செய்
17: ரிட்டர்ன்

‘மொத்தம்’ எங்கே? 0 முதல் 6 வரை எங்கும் இல்லை, இன்னும் கணக்கிடவே இல்லை. 6 முதல் 17 வரை ஆர்பிஎக்ஸில். 17ஆவது பைட்டில் ஆர்பிஎக்ஸும் கைவிட்டுப் போய்விட்டது. ஆனால் ஈஏஎக்ஸில் மொத்தம் + 5 இருக்கிறதே, அதில் 5ஐக் கழித்தால் மாறி மீண்டும் கிடைக்கும். நல்ல கம்பைலர் இதையும் குறித்து வைக்கும். ‘அளவு’ 0 முதல் 8 வரை ஆர்டிஐயில். 8க்குப் பிறகு அதன் நகல் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை.

இந்தக் குறிப்புகள் செய்நிரல் கோப்பிலேயே ட்வார்ஃப் (டிபகருக்கான தகவல்களை எழுதும் நியமம்) வடிவில் இருக்கின்றன. ஜிடிபியில் ‘இன்ஃபோ அட்ரஸ் மொத்தம்’ என்று கேளுங்கள். ‘மல்டி லொகேஷன்’ என்று தொடங்கி எந்த வீச்சில் எந்த ரெஜிஸ்டர் என்று வரிசையாகச் சொல்லும். ‘இன்ஃபோ ஸ்கோப் கணக்கு’ என்றால் அந்த ஃபங்ஷனின் எல்லா மாறிகளுக்கும் கிடைக்கும். பிறகு வேலை எளிது: மாறி உயிரோடு இருக்கும் வீச்சுக்குள் ஒரு முகவரியைப் பார்த்து, நட்சத்திரக் குறியோடு அந்த முகவரியில் பிரேக்பாயின்ட் போடுங்கள். வரி எண்ணில் போட்டால் மாறி பிறப்பதற்கு முன்பே நின்றுவிடக்கூடும். ‘ஸ்டெப்ஐ’ கொடுத்து இரண்டு மூன்று அறிவுறுத்தல்கள் நகர்ந்தாலே காணாமற்போனது வந்து நிற்பது அடிக்கடி நடப்பதுதான்.

‘-ஓஜி’யில் தொகுத்துப் பார்ப்பதும் ஒரு வழி, 2013இல் ஜிசிசி 4.8 உடன் டிபகருக்கென்றே வந்த நிலை அது. ஆனால் உங்கள் பிழை ‘-ஓ2’இல் மட்டும் வருவதால் ‘-ஓ2 -ஜி’யிலேயே (‘-ஜி’ டிபகர் தகவலைச் சேர்க்கும் தெரிவு) நின்று தேடுவது நல்லது. மாறிக்கு ‘வொலட்டைல்’ என்று போட வேண்டாம். போட்டால் மாறி தெரியும், ஆனால் கம்பைலர் வேறு நிரலை ஆக்கித் தரும், பிழை மறைந்துவிடும். எதைத் தேடினோமோ அதையே தொலைத்துவிடுவோம்.

ஃபங்ஷன் மிகப் பெரிதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். மாறித் தடமறிதலுக்கு ஜிசிசி ஓர் எல்லை வைத்திருக்கிறது (‘மேக்ஸ் வார்ட்ராக் சைஸ்’, இயல்பாக 5 கோடி). தாண்டினால் துல்லியமான முறையைக் கைவிட்டு மறுபடி முயல்கிறோம் என்று ஒரு குறிப்பை அச்சிடும். அந்த வரி பில்ட் வெளியீட்டில் கண்ணில் படாமல் ஓடிவிடுகிறது. எல்லையைக் கூட்டுங்கள், அல்லது ஃபங்ஷனை உடையுங்கள்.

கேள்வி (மொறட்டுவை, இறுதியாண்டு மாணவர்): செயற்றிட்டத்துக்காக ஒரு சிறிய டிபகர் எழுதுகிறேன், ஐயா. ‘எஃப்பிரெஜ்’ ஒப்கோட் மட்டும் விளங்கும். ‘-ஓ0’ செய்நிரல்களுக்கு அது போதும். லொகேஷன் லிஸ்ட் (எந்த வீச்சில் மாறி எங்கே என்ற பட்டியல்) எல்லாம் விளங்கும்படி விரிக்க எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று: ஜிசிசியில் ஒரு மாறிக்கு −20 என்று வருகிறது, அதே நிரலில் கிளாங் கம்பைலர் −4 என்கிறது. எது சரி?

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். இரண்டும் சரி. ‘எஃப்பிரெஜ்’ தரும் எண் ஃபிரேம் பேஸில் (ஸ்டேக்கில் அந்த ஃபங்ஷனுக்குரிய பகுதியான ஃபிரேமின் அடிப்படை முகவரி) இருந்து எண்ணப்படுவது. ஃபிரேம் பேஸ் எது என்று ஒவ்வொரு ஃபங்ஷனும் தானே சொல்லும். ஜிசிசி அங்கே ‘கால் ஃபிரேம் சிஎஃப்ஏ’ (156) என்று எழுதும். இங்கே சிஎஃப்ஏ (ஃபிரேமின் நியம முகவரி) என்பது ஆர்பிபி + 16, ஆகவே −20 என்றால் ஆர்பிபி − 4. கிளாங் ‘-ஓ0’இல் ஆர்பிபி ரெஜிஸ்டரையே ஃபிரேம் பேஸாகச் சொல்லும், அங்கே −4 என்றாலும் ஆர்பிபி − 4தான். உங்கள் நிரலில் ‘ஆர்பிபி + 16’ என்று நேரே எழுதி வைத்திருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

இனி விரிவாக்கம். ஒப்கோட்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவதில் தொடங்க வேண்டாம். முதலில் மாற வேண்டியது உங்கள் ஃபங்ஷன் திருப்பித் தரும் விடையின் வகை. இப்போது அது ஒரு முகவரியைத்தான் தருகிறது, இல்லையா? அதுவே சுவர். விடை ஆறு விதமாக இருக்கலாம்: நினைவக முகவரி, ரெஜிஸ்டர் எண், எங்கும் சேமிக்கப்படாத வெறும் பெறுமதி, சுட்டி இல்லாமலே அது சுட்டும் பொருள் மட்டும் தெரிந்த நிலை (‘இம்ப்ளிசிட் பாயின்டர்’, 160), பல துண்டுகள், ஒன்றுமில்லை. இந்த ஆறையும் சுமக்கும் ஒரு வகையை ஆக்கிவிட்டு, பழைய ‘எஃப்பிரெஜ்’ பாதையையும் அதனூடாகவே ஓட விடுங்கள். பழைய சோதனைகள் எல்லாம் தேறிய பிறகு அடுத்த அடி.

அடுத்து, மாறியின் லொகேஷன் பண்பு எந்த ஃபார்மில் வருகிறது என்று பிரியுங்கள். ட்வார்ஃப் 4இல் (2010) ‘எக்ஸ்ப்ர்லாக்’ என்றால் தனிக் கோவை (ஒப்கோட்களின் தொடர்), ‘செக் ஆஃப்செட்’ என்றால் ‘டிபக் லாக்’ பகுதியில் உள்ள பட்டியலின் இடம். ட்வார்ஃப் 5இல் (2017) பட்டியல் ‘டிபக் லாக்லிஸ்ட்ஸ்’ பகுதிக்கு மாறியது. ‘லாக்லிஸ்ட்எக்ஸ்’ என்ற சுட்டெண் ஃபார்மும் சேர்ந்தது. பழைய ட்வார்ஃப் 2, 3 கோப்புகளில் தனிக் கோவை ‘பிளாக்’ ஃபார்மிலும், பட்டியலின் இடம் வெறும் 4 அல்லது 8 பைட் எண்ணாகவும் வரும். அந்த எண்ணை மாறிலி என்று எடுத்துக்கொள்வது வழக்கமான வழுக்கல்.

ஒரே தகவல் இரு பதிப்பிலும் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ‘அளவு’ 0 முதல் 8 வரை ஆர்டிஐயில் என்பதற்கு, ஃபங்ஷன் அடிப்படை முகவரியிலேயே தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், பதிப்பு 5இல் ஐந்தே பைட்: 4, 0, 8, 1, 85. 4 என்பது ‘ஆஃப்செட் பேர்’ (தூரங்களின் இணை) வகை. 0, 8 வீச்சின் இரு முனைகள். 1 கோவையின் நீளம். 85 என்பது ரெஜிஸ்டர் 5 (ரெஜிஸ்டர் ஒப்கோட்கள் 80இல் தொடங்கும்). பதிப்பு 4இல் இதுவே 19 பைட்: 8 பைட் தொடக்கம், 8 பைட் முடிவு, 2 பைட் நீளம், 1 பைட் கோவை. பதிப்பு 4இல் நீளம் எப்போதும் 2 பைட். பதிப்பு 5இல் அது யூஎல்ஈபி128 (எண்ணின் அளவுக்கேற்ப நீளம் மாறும் குறியாக்கம்). இரண்டையும் ஒரே ரீடரால் படித்தால் குப்பைதான் வரும்.

முடிவு முகவரி வீச்சில் சேராது: 8 என்றால் 7 வரைதான். பட்டியலில் உள்ளவை அடிப்படை முகவரியில் இருந்து எண்ணப்படும் தூரங்கள். அடிப்படை என்பது கம்பைல் யூனிட்டின் ‘லோ பிசி’, அல்லது பட்டியலிலேயே இடையில் வரும் அடிப்படை மாற்றப் பதிவு. பதிப்பு 4இல் தொடக்க இடத்தில் எல்லாப் பிட்டும் 1 ஆக இருந்தால் அதுதான் அடிப்படை மாற்றம். இரண்டும் பூச்சியம் என்றால் பட்டியல் முடிந்தது. இதன்மேல் பிஐஈ (எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய) செய்நிரல் ஏற்றப்பட்ட இடத்தின் வித்தியாசமும் சேர வேண்டும். அதைப் பட்டியலின் ஒவ்வொரு முகவரியிலும் கூட்டாமல், புரோகிராம் கவுண்டரில் ஒரே தடவை கழித்துவிட்டுத் தேடுங்கள். இரண்டு இடத்திலும் செய்தால் ஒன்றுமே பொருந்தாது.

பொருந்தும் வீச்சு இல்லாவிட்டால் மாறி கிடைக்காது. வீச்சு பொருந்தி, கோவையின் நீளம் 0 ஆக இருந்தாலும் கிடைக்காது. பதிப்பு 5இல் ‘டிஃபால்ட் லொகேஷன்’ பதிவு (வகை 5) இருந்தால், வேறு எதுவும் பொருந்தாதபோது அதை எடுக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று விழும் இரண்டு வீச்சுகள் பொருந்தினால் அது பிழையல்ல. மாறி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று பொருள். படிக்க ஒன்று போதும். மாற்றி எழுதுவதானால் இரண்டிலும் எழுத வேண்டும்.

இப்போதுதான் ஒப்கோட்கள். இங்கே எல்லாரும் தடுக்கி விழும் மூன்று கற்கள் உண்டு.

முதலாவது, ‘ரெஜ்’ வேறு, ‘பிரெஜ்’ வேறு. ‘ரெஜ் 5’ (85) என்றால் மாறியே ஆர்டிஐக்குள் இருக்கிறது. ‘பிரெஜ் 5, 0’ (117, 0) என்றால் ஆர்டிஐ காட்டும் நினைவக முகவரியில் மாறி இருக்கிறது.

இரண்டாவது, ‘ஸ்டேக் வேல்யூ’ (159). மேலே சொன்ன ‘ஆர்ஏஎக்ஸில் இருந்து 5 கழி’ என்பது 112, 123, 159 என்ற மூன்று பைட். 112 என்பது ‘பிரெஜ் 0’, 123 என்பது −5இன் எஸ்எல்ஈபி128 வடிவம். கடைசி 159, கிடைத்தது முகவரியல்ல, பெறுமதியே அதுதான் என்று சொல்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் மொத்தம் 1500 ஆக இருக்கும்போது உங்கள் டிபகர் 1500ஆவது முகவரியைப் படிக்கப் போய்த் தடுக்கி நிற்கும். அப்படி நின்றால் அதிர்ஷ்டம். மாறி ஒரு சுட்டியாக இருந்தால் படிப்பு வெற்றியடையும், திரையில் பிழையான எண் அமைதியாக வந்து உட்காரும்.

மூன்றாவது, ரெஜிஸ்டர் எண்கள். ட்வார்ஃப் எண்ணில் 0 ஆர்ஏஎக்ஸ், 1 ஆர்டிஎக்ஸ், 2 ஆர்சிஎக்ஸ், 3 ஆர்பிஎக்ஸ், 4 ஆர்எஸ்ஐ, 5 ஆர்டிஐ, 6 ஆர்பிபி, 7 ஆர்எஸ்பி. 8 முதல் 15 வரை பெயரும் எண்ணும் ஒன்று. வன்பொருளின் அறிவுறுத்தல் குறியீட்டிலோ 1 ஆர்சிஎக்ஸ், 2 ஆர்டிஎக்ஸ். ‘பிட்ரேஸ்’ (இன்னொரு செய்நிரலைக் கட்டுப்படுத்த உதவும் லினக்ஸ் வசதி) தரும் அமைப்பின் வரிசை மூன்றாவது வகை. ஓர் அட்டவணை எழுதி எப்போதும் அதனூடாகவே போங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தெரியாத ஒப்கோட் வந்தால் அதைத் தாண்டி ஓடாதீர்கள். கோவை முழுவதையும் கைவிட்டு, கிடைக்கவில்லை என்று காட்டுங்கள். பிழை தேடுகிறவர் நள்ளிரவில் உங்கள் டிபகர் காட்டும் எண்ணை நம்பித்தான் அடுத்த அடியை வைக்கிறார். கிடைக்கவில்லை என்ற பதில் அவருடைய பத்து நிமிடத்தைத் தின்னும். பிழையான எண் இரண்டு நாளைத் தின்னும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): எங்கள் டிபகர் நீட்சியில் மேல் ஃபிரேமுக்கு (அழைத்த ஃபங்ஷனுடையது) போனால் மாறிகள் விசித்திரமான எண்களைக் காட்டுகின்றன. கீழ் ஃபிரேமில் எல்லாம் சரி. ஏன்?

பதில்: இரண்டு காரணங்களில் ஒன்று. பெரும்பாலும் இரண்டும்.

ஒன்று, ரெஜிஸ்டர் யாருடையது என்ற கேள்வி. ‘பதிவு’க்குள் நிற்கிறீர்கள், மேலே ‘கணக்கு’க்குப் போய் ‘மொத்தம்’ கேட்கிறீர்கள். பட்டியல் ஆர்பிஎக்ஸ் என்கிறது. இப்போது சிபியூவில் இருக்கும் ஆர்பிஎக்ஸ் ‘பதிவு’ தன் வேலைக்கு எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். ‘கணக்கு’ வைத்திருந்தது ஸ்டேக்கில் புஷ் செய்யப்பட்டுக் கிடக்கும். ‘ஈஎச் ஃபிரேம்’ பகுதியில் உள்ள அன்வைண்ட் விதிகளைப் பின்பற்றி அதை மீட்டெடுத்த பிறகே கோவைக்குக் கொடுக்க வேண்டும். கோவை மதிப்பிடும் நிரல் சிபியூவை நேரே தொடவே கூடாது. ஃபிரேமிடம்தான் ரெஜிஸ்டரைக் கேட்க வேண்டும். ஆர்எஸ்ஐ, ஆர்டிஐ போன்றவற்றைக் கீழே உள்ளவர் காப்பாற்ற வேண்டிய கடமை இல்லை. மேல் ஃபிரேமில் அவற்றைக் கேட்டால் ‘சேமிக்கப்படவில்லை’ என்பதே நேர்மையான விடை.

மற்றது, தேடும் முகவரி. மேல் ஃபிரேமின் புரோகிராம் கவுண்டர் என்பது ரிட்டர்ன் முகவரி. எங்கள் உதாரணத்தில் 13. ஆனால் ‘கணக்கு’ இன்னும் 8இல் தொடங்கிய காலுக்குள்தான் நிற்கிறது. ஆகவே 1ஐக் கழித்து 12ஐத் தேட வேண்டும். கம்பைலரும் இதை எதிர்பார்த்தே எழுதுகிறது. கால் அழித்துவிடக்கூடிய ரெஜிஸ்டரில் உள்ள மாறிக்கு ஜிசிசி வீச்சை ரிட்டர்ன் முகவரிக்கு ஒரு பைட் முன்னால் முடிக்கும். ‘விலை’ 0 முதல் 13 வரை என்று இல்லாமல் 0 முதல் 12 வரை என்று வருவது அதனால்தான். அப்போது 12ஐத் தேடும் டிபகருக்கு ஆர்எஸ்ஐ கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1ஐக் கழிக்காவிட்டால், ‘பதிவு’ திருப்பித் தரப்போகும் விடைக்கென்று 13இல் தொடங்கும் மாறி ஒன்று இருந்தால், இன்னும் பிறக்காத அதற்கு ஆர்ஏஎக்ஸில் கிடக்கும் குப்பையைக் காட்டுவீர்கள். ‘அபார்ட்’ போலத் திரும்பாத கால் ஃபங்ஷனின் கடைசியில் இருந்தால் ரிட்டர்ன் முகவரி அடுத்த ஃபங்ஷனுக்குள்ளேயே போய்விடும்; அங்கே மாறிகளின் பெயர்களே வேறு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சிக்னலால் இடைமறிக்கப்பட்ட ஃபிரேமுக்குக் கழிக்கக் கூடாது. அது எந்த அறிவுறுத்தலில் நின்றதோ அதுவேதான் முகவரி. அன்வைண்ட் தகவலில் சிக்னல் ஃபிரேம் என்ற குறி அதற்காகவே இருக்கிறது.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): ஜிடிபி சில இடங்களில் மாறியின் பெயரோடு ‘@என்ட்ரி’ என்று காட்டுகிறது. அதை எங்கள் டிபகரிலும் கொண்டுவரலாமா?

பதில்: கொண்டுவர வேண்டும். ‘-ஓ2’ நிரலில் பராமீட்டர்களை மீட்க இதைவிடப் பயனுள்ள வசதி இல்லை என்பது எங்கள் எண்ணம்.

‘அளவு’ 8க்குப் பிறகு எங்கும் இல்லை என்றோம். ஆனால் அது ஃபங்ஷனுக்குள் நுழைந்ததில் இருந்து மாறவில்லை. ஆகவே கம்பைலர் 8 முதல் 18 வரை இப்படி எழுதும்: 163, 1, 85, 159. நுழையும்போது ஆர்டிஐயில் இருந்தது எதுவோ அதுதான் பெறுமதி என்று பொருள். பதிப்பு 5க்கு முந்திய ஜிசிசி கோப்புகளில் 163க்குப் பதில் 243 வரும். இரண்டையும் ஒரே கிளைக்கு அனுப்புங்கள்.

நுழையும்போது என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? அழைத்தவரிடம் போக வேண்டும். ஒரு ஃபிரேம் மேலே ஏறி ரிட்டர்ன் முகவரியை எடுங்கள். அழைத்த ஃபங்ஷனின் ட்வார்ஃபில் அதே ரிட்டர்ன் முகவரி கொண்ட ‘கால் சைட்’ பதிவைத் தேடுங்கள். அதற்குள் இருக்கும் பராமீட்டர் பதிவுகளில் லொகேஷன் ‘ரெஜ் 5’ என்று உள்ளதை எடுத்து, அதன் ‘கால் வேல்யூ’ கோவையை அழைத்தவரின் ஃபிரேமில் மதிப்பிடுங்கள். அங்கே 3 என்ற மாறிலி இருந்தால் ‘அளவு’ 3. அழைத்தவரின் ஆர்பிஎக்ஸ் என்று இருந்தால், அன்வைண்ட் செய்த ஆர்பிஎக்ஸ். அதுவும் இன்னொரு என்ட்ரி வேல்யூவைச் சுட்டினால் இன்னொரு படி மேலே. அதற்கு ஓர் ஆழ எல்லை வையுங்கள்.

கவனம் வேண்டிய இடம் டெய்ல் கால். ‘முதல்’ என்ற ஃபங்ஷன் ‘நடு’வைக் கூப்பிட்டு, ‘நடு’ கடைசி வரியில் ஜம்ப் அறிவுறுத்தலால் ‘கணக்கு’க்குத் தாவினால், ஸ்டேக்கில் ‘நடு’வின் தடமே இருக்காது. ரிட்டர்ன் முகவரி ‘முதல்’ஐக் காட்டும். அங்கே உள்ள பராமீட்டர்கள் ‘நடு’வுக்குக் கொடுத்தவை, ‘கணக்கு’க்கு அல்ல. ஆகவே கால் சைட் எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது என்று பதிவில் பார்த்து, அது நீங்கள் நிற்கும் ஃபங்ஷன்தானா என்று ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் கைவிட வேண்டும். இடையில் போன ஒரே ஒரு டெய்ல் கால் பாதை சந்தேகமில்லாமல் தெரிந்தால் அதைப் பின்தொடரலாம், ஜிடிபி அப்படிச் செய்கிறது. முதல் பதிப்பில் அதற்குப் போக வேண்டாம்.

அழைத்தவர் ‘-ஜி’ இல்லாமல் தொகுக்கப்பட்டிருந்தால் இந்த வழி மூடிவிடும். நூலகங்களில் இருந்து வரும் கால்பேக்குகளில் இதைத்தான் அதிகம் காண்பீர்கள். ஜிடிபியில் ‘செட் பிரின்ட் என்ட்ரி-வேல்யூஸ்’ என்ற அமைப்பால் காட்டும் முறையை மாற்றலாம். ‘செட் டிபக் என்ட்ரி-வேல்யூஸ் 1’ என்றால் டெய்ல் கால் பாதைகளை எப்படி ஆராய்ந்தது என்று வரிவரியாகச் சொல்லும்.

கேள்வி (தெமட்டகொட வாசகி): ஒரு ஸ்ட்ரக்டில் ஒரு புலம் மட்டும் தெரிகிறது, மற்றது ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’. ஒரு பொருள் பாதி இருக்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு 8 பைட் புலங்கள் உள்ள ஸ்ட்ரக்டைக் கம்பைலர் உடைத்து இரண்டு ரெஜிஸ்டர்களில் வைத்தால் கோவை 80, 147, 8, 81, 147, 8 என்று வரும்: ஆர்ஏஎக்ஸில் 8 பைட், ஆர்டிஎக்ஸில் 8 பைட். 147 என்பது ‘பீஸ்’. இரண்டாவது புலம் எங்கும் பயன்படாவிட்டால் அதன் முன்னால் ரெஜிஸ்டர் எதுவும் வராமல் 80, 147, 8, 147, 8 என்று ஆகும். இடம் சொல்லாத துண்டு கிடைக்காத துண்டு. டிபகர் எழுதுகிறவர்கள் முழுப் பொருளுக்கும் ஒரே ‘இருக்கிறது, இல்லை’ கொடி வைக்காமல், பைட்டுக்குப் பைட் குறித்து வையுங்கள். பிட் ஃபீல்டுகளுக்கு ‘பிட் பீஸ்’ (157) வருவதால் பிட்டுக்குப் பிட் வைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காத பகுதியைப் பூச்சியத்தால் நிரப்பி அச்சிடுவது பெருந்தவறு. பூச்சியமும் ஒரு பெறுமதிதான்.

கேள்வி (கிருலப்பனை வாசகர்): ராஸ்பெரி பையில் ஓடும் 64 பிட் லினக்ஸுக்கும் இதே நிரல் போதுமா?

பதில்: கோவை எந்திரம் அப்படியே போகும். மாறுவது ரெஜிஸ்டர் அட்டவணை: எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரை 0 முதல் 30, ஸ்டேக் பாயின்டர் 31, வி0 முதல் வி31 வரை 64 முதல் 95. ‘ரெஜ்’ ஒப்கோட்கள் 31 வரைதான், ஆகவே தசமதான மாறிகளுக்கு ‘ரெஜ்எக்ஸ்’ (144) வரும். அதைச் சேர்க்காமல் விட்டால் ‘டபிள்’ எல்லாம் காணாமற்போகும்.

கேள்வி (அதே மொறட்டுவை மாணவர்): ரீட்எல்ஃப் (செய்நிரல் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கருவி) சில பட்டியல்களில் ‘வியூஸ்’ என்று ஏதோ காட்டுகிறது. தொடக்கமும் முடிவும் ஒரே முகவரி. பிழையான பதிவா? அத்தோடு, நான் எழுதியது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: பிழையல்ல. 2018இல் ஜிசிசி 8 கொண்டுவந்த லொகேஷன் வியூ அது. மூன்று மூல வரிகள் ஒரே அறிவுறுத்தலில் வந்து சேரும்போது, அந்த ஒரே முகவரிக்குள் எது முன், எது பின் என்று எண்ணிட்டுச் சொல்கிறது. வியூக்கள் இயல்பாகப் பட்டியலுக்கு வெளியே, அதற்குச் சற்று முன்னால் வைக்கப்படுவதால் அவற்றை அறியாத டிபகருக்குப் பாதகம் இல்லை. வெற்று வீச்சு எதற்கும் பொருந்தாது, அவ்வளவுதான். ‘இன்கம்பாட்5’ என்ற தெரிவைக் கொடுத்துத் தொகுத்தால் மட்டும் பட்டியலுக்குள்ளேயே வகை 9 பதிவாக வரும். அதைப் படித்துத் தாண்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

சோதனைக்குக் கம்பைலரை நம்பி இருக்க வேண்டாம். இன்று ‘ஸ்டேக் வேல்யூ’ தரும் நிரல் அடுத்த பதிப்பில் வேறொன்றைத் தரும், உங்கள் சோதனை எதையும் சோதிக்காமலே தேறும். அசெம்பிளி கோப்பில் ‘பைட்’, ‘யூஎல்ஈபி128’, ‘எஸ்எல்ஈபி128’ கட்டளைகளால் ட்வார்ஃபைக் கையாலேயே எழுதுங்கள். ஜிடிபியின் சோதனைத் தொகுதியில் இதற்கென்றே டிக்கிள் மொழியில் ஒரு ட்வார்ஃப் அசெம்ப்ளர் இருக்கிறது, அதைப் பார்த்துப் பழகலாம். மேலே சொன்ன 18 பைட் ஃபங்ஷனையும் மூன்று மாறிகளின் பட்டியல்களையும் அப்படி எழுதி, ஒவ்வொரு அறிவுறுத்தலாக நகர்த்தி, எட்டு நிறுத்தங்களிலும் வர வேண்டிய விடையை முன்கூட்டியே குறித்து வைத்து ஒப்பிடுங்கள். பிறகு வீச்சின் எல்லைகள்: 5, 6, 16, 17. அடுத்து ‘பதிவு’க்குள் நின்று மேல் ஃபிரேமில் அதே மூன்று மாறிகள். கடைசியாகக் கெட்ட கோப்புகள்: நீளம் பிழையான கோவை, வெற்று ஸ்டேக்கில் கூட்டல், தன்னையே சுற்றும் ‘ஸ்கிப்’.

உண்மையான செய்நிரல்களில் ‘ரீட்எல்ஃப் -டபிள்யூஓ’ தருவதோடும், ‘எல்எல்விஎம்-ட்வார்ஃப்டம்ப்’ தருவதோடும் உங்கள் பட்டியலை வரிக்கு வரி ஒப்பிடலாம். பின்னதன் ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ தெரிவு, மாறிகள் தங்கள் எல்லைக்குள் எத்தனை பைட்டுக்கு லொகேஷன் பெற்றிருக்கின்றன என்று கூட்டிச் சொல்லும். ஒரு மாறி கிடைக்காதபோது அது கம்பைலர் எழுதாமல் விட்டதா, நீங்கள் படிக்காமல் விட்டதா என்று பிரிக்க அந்த எண் உதவும். பட்டியலில் வீச்சு இருந்தும் உங்கள் டிபகர் கிடைக்கவில்லை என்றால் குறை உங்களிடம். வீச்சே இல்லை, ஆனால் டிஸ்அசெம்பிளியில் பெறுமதி ரெஜிஸ்டரில் தெளிவாகத் தெரிகிறது என்றால், அந்த ஃபங்ஷனின் மூலத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்து, கம்பைலர் பதிப்பையும் தெரிவுகளையும் சேர்த்துக் கம்பைலர்காரர்களுக்கு அனுப்புங்கள்.